மிளகு படுத்திருந்த ஸ்வெட்டர்

நஞ்சப்பனை யாரும் விருந்துக்குக் கூப்பிட மாட்டார்கள். நியூ ஜெர்சியில், அதுவும் பார்சிப்பனியில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு தமிழன் விருந்துக்கு அழைக்கப்படாமல் இருக்கவேண்டுமானால் அதற்குத் தனித் திறமை வேண்டும். இருந்ததே கொஞ்சம் குடும்பங்கள்தான். சனிக்கிழமை வந்தால் யார் வீட்டிலாவது சாம்பார் கொதிக்கும், மற்றவர்கள் வீட்டில் போன் அடிக்கும். நஞ்சப்பன் வீட்டில் மட்டும் அடிக்காது. அடித்தால் யாருடைய நாயோ தொலைந்துவிட்டது என்று அர்த்தம்.

தாராபுரம் பக்கத்துக்காரர். கோயம்புத்தூரில் எஞ்சினியரிங் படித்தவர். பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம், ஒரே காரில் போய்வந்தோம். குளிர்காலத்தில் காட்டுக்குள் ஓடிப்போன நாய்களைத் தேடிப் பிடிப்பதை அவர் எப்போது, எதற்காகத் தொடங்கினார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டிருக்கிறேன். "சும்மாதானுங்க" என்றார். இப்படிப்பட்ட ஆளுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கும், சின்ன வயசில் செத்துப்போன நாய் ஒன்று இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். ஒன்றும் கிடையாது. அவர் வீட்டில் நாயே கிடையாது. "நாய் வளர்த்தா வீட்ல இருக்கோணுமில்ல? அவருக்கு அதுதான் ஆகாதே" என்பார் அவர் மனைவி வசந்தாமணி.

தமிழ்ச் சங்கத்து ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் 'நாய் பிடிக்கிறவர்'. ஊரில் முனிசிபாலிட்டி வண்டியில் வருகிற ஆளை அப்படித்தான் சொல்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அவர் பேச்சுதான் பிரச்சினை. கோயம்புத்தூர்ப் பக்கத்து மரியாதை ஒன்றுவிடாமல் இருக்கும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'ங்க' போடுவார். போட்டுக்கொண்டே கன்னத்தில் அறைவார். டாக்டர் வாஞ்சிநாதன் வீட்டு நாய் ஒருமுறை தொலைந்தது. கையடக்கமான வெள்ளை நாய். டாக்டரும் மனைவியும் காட்டோரத்தில் நின்று அதன் பெயரைச் சொல்லி அழைத்து, கைதட்டி, கார் ஹாரன் அடித்து, நாய் கண்ணில் பட்டபோதெல்லாம் துரத்தினார்கள். எல்லாம் செய்து முடித்த பிறகு நஞ்சப்பனைக் கூப்பிட்டார்கள். அவர் போய்க் கழுத்துப் பட்டையை மட்டும் கொண்டுவந்தார். அதை டாக்டர் மனைவி கையில் கொடுத்து, "கூப்பிட்டுக் கூப்பிட்டே நரி வாயில தள்ளிட்டீங்க. இவ்வளவுதானுங்க மிச்சம்" என்றார். அந்த அம்மா அதன்பிறகு அவரைப் பார்த்தால் கடையில் வேறு வரிசைக்குப் போய்விடுவார்.

ஆனால் அவர் சொன்னது உண்மை. வீட்டில் மடியில் ஏறிக் குழைந்த நாய், பெரிய பயம் ஒன்றைக் கண்டு காட்டுக்குள் ஓடிவிட்டால் ஓரிரு நாளில் வேறு நாயாகிவிடுகிறது. பெயர் சொன்னால் ஓடும். காலடி கேட்டால் ஓடும். வளர்த்தவனே எதிரே வந்து நின்றாலும் ஓடும். அதைத் தேடிப் போகக்கூடாது, அது நம்மைத் தேடி வரும்படி செய்யவேண்டும். நஞ்சப்பன் பனியைத் துடைப்பத்தால் பெருக்கிச் சமமாக்கி, வேகவைத்த ஈரலை வைத்துவிட்டு வருவார். மறுநாள் காலடி பார்ப்பார். பிறகு பனியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, வசந்தாமணி சுட்ட முறுக்கைக் கறுக்மொறுக்கென்று கடித்துத் தின்பார். நாய்க்கு அந்தச் சத்தம் பிடிக்கும். யாரோ தனியாகத் தின்கிறான் என்றால் எந்த நாய்க்கும் பொறுக்காது. திரும்பிப் பார்க்கக்கூடாது. கை மரத்துப்போனாலும் அசையக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், வீட்டுக்காரர் போட்டுக் கழற்றிய துவைக்காத துணி. அந்த வாசனைதான் நாயை ஓரிடத்தில் நிறுத்திவைக்கும்.

தொண்ணூற்று நான்காம் வருஷம் பனி ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டிக்கொண்டிருந்தது. பிப்ரவரி மாதம், மலைப்பக்கத்து ரோடு ஒன்றில் செழியனின் கார் வழுக்கிப்போய் மரத்தில் மோதியது. செழியன் கரூர்ப் பையன், முப்பத்துநாலு வயசு. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. பின்சீட்டில் இருந்த நாய் உடைந்த கண்ணாடி வழியாகக் குதித்துக் காட்டுக்குள் ஓடியதை, பின்னால் வந்த வண்டிக்காரர் பார்த்துப் போலீசிடம் சொல்லியிருக்கிறார். கறுப்பு நாய். மிளகு என்று பெயர் வைத்ததும் செழியன்தான்.

செழியனுக்கும் வான்மதிக்கும் குழந்தை இல்லை. கல்யாணமாகி எட்டு வருஷம் வான்மதி கேட்காத பேச்சு இல்லை, போகாத டாக்டர் இல்லை. மிளகு வந்தபிறகுதான் அந்த வீட்டில் கொஞ்சம் சத்தம் வந்தது. செழியனை எரித்துவிட்டு வந்த அன்று நான் துக்கம் கேட்கப் போயிருந்தேன். வான்மதி யாரைப் பார்த்தாலும் ஒன்றையே கேட்டாள். "மிளகு எங்க? யாராச்சும் போய்ப் பாத்தீங்களா?" பெரியவர்கள் முதுகைத் தடவி, "இப்ப அதெல்லாம் நினைக்காதம்மா" என்றார்கள். அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக ஓர் அம்மா என் காதில் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. நேரே போய் நஞ்சப்பனிடம் சொன்னேன்.

மறுநாள் காலை அவரும் நானும் அந்த வீட்டுக்குப் போனோம். வாசலில் சந்தானம் அங்கிள் நின்றிருந்தார். சங்கத்தில் நல்லது கெட்டது எதற்கும் முன்னால் நிற்பவர். உடலை ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்தது, ஐயரைத் தேடிப் பிடித்தது, ஊருக்குப் போன் போட்டது எல்லாம் அவர்தான். நல்ல மனிதர். தொல்லையே அதுதான்.

"வாங்க நஞ்சப்பன். உள்ள வாங்க" என்றார்.

"துக்கம் கேக்க வரலீங்க. துணி கேக்க வந்தேனுங்க" என்றார் நஞ்சப்பன். "செழியன் போட்டுக் கழட்டின அழுக்குத் துணி ஏதாச்சும் வேணுமுங்க. சட்டை, பனியன், தலகாணி உறை, எதுனாலும்."

உள்ளே உட்கார்ந்திருந்த வான்மதி எழுந்து ஓடிவந்தாள். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. எல்லோரும் பின்னாலேயே வர, மாடிக்குப் போய் அழுக்குக் கூடையைக் கவிழ்த்தாள். கூடை காலி. அலமாரியைத் திறந்தாள். எல்லாம் மடித்து அடுக்கியிருந்தது, சோப்பு வாசனையோடு.

"நேத்தே எல்லாத்தையும் வாஷர்ல போட்டுட்டேம்மா" என்றார் சந்தானம் அங்கிளின் மனைவி நாகமணி ஆன்டி. "தீட்டு வீட்ல அழுக்குத் துணி கிடக்கலாமா? பெட்ஷீட், டவல், செருப்பு வரைக்கும் கழுவியாச்சு. கார்ப்பெட்டையும் கழுவலாம்னு சொன்னேன், அங்கிள்தான் மிஷின் வாடகைக்கு எடுக்கணும்னாரு."

அந்த அம்மா இரண்டு நாள் தூங்காமல் வேலை செய்திருந்தார். முழங்கை வரை தோல் ஊறிப்போயிருந்தது. நஞ்சப்பன் அவரைப் பார்த்து, "ரொம்பச் சுத்தமாப் பண்ணியிருக்கீங்க. அந்த மனுசன் இங்க குடியிருந்ததே தெரியலீங்க" என்றார். வான்மதி காலியான கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நஞ்சப்பன் விடவில்லை. நொறுங்கிய காரை இழுத்துக்கொண்டுபோய்ப் போட்டிருந்த இடத்துக்குப் போனோம். பின்சீட்டின் கீழே செழியனின் சாம்பல் நிற ஸ்வெட்டர் சுருண்டு கிடந்தது. ஹீட்டர் சூட்டுக்குக் கழற்றி எறிந்திருப்பான். கம்பளி முழுக்கக் கண்ணாடித் தூள். நஞ்சப்பன் வீட்டுக்குக் கொண்டுபோய், மேஜை விளக்கடியில் விரித்து, வசந்தாமணியின் புருவ இடுக்கியால் ஒவ்வொரு தூளாக எடுத்தார். உதறவில்லை, தட்டவில்லை. வாசனை போய்விடுமாம்.

விபத்து நடந்த இடத்திலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே, தேவதாரு மரங்களுக்கு நடுவே, மிளகின் காலடி கிடைத்தது. ஒரு காலை ஊன்றாமல் நடந்திருந்தது. நஞ்சப்பன் அங்கே ஈரலை வைத்தார். பக்கத்தில் ஸ்வெட்டரை விரித்தார். கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய கம்பிக் கூண்டைக் கதவு திறந்தபடி வைத்து, மேலே கிளைகளைப் போட்டு மூடினார். முதலில் நாய் கூண்டுப் பக்கமே வரவில்லை. தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. பிறகு ஈரலைத் தின்றது. பிறகு ஒருநாள் காலையில் போனபோது ஸ்வெட்டர் மேல் பனி இல்லை. அதன் மேல் கறுப்பு மயிர் ஒட்டியிருந்தது. நஞ்சப்பன் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். "படுத்திருக்குதுங்க" என்றார்.

அதன்பிறகு தினமும் ஆபீசுக்குப் போகும் முன் அங்கே போவார். ஸ்வெட்டரை ஒரு முழம், ஒரு முழமாகக் கூண்டின் பக்கம் நகர்த்துவார். மிளகும் அதோடு நகர்ந்து வந்தது. ஒருநாள் நானும் போனேன். அவர் முதுகைக் காட்டி முறுக்குத் தின்றுகொண்டிருக்க, நான் காரிலிருந்து பார்த்தேன். மரங்களுக்குள்ளிருந்து நாய் எட்டிப் பார்த்தது. விலா எலும்பு தெரிந்தது. ஒரு காது கிழிந்து தொங்கியது. சிதறிக் கிடந்த முறுக்கை எடுத்துத் தின்றுவிட்டு ஸ்வெட்டரில் மூக்கைப் புதைத்துக்கொண்டது. நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாகவே அழுதேன்.

வான்மதியை மட்டும் அவர் வரவிடவில்லை. "உங்களப் பாத்தா ஓடிப்போயிருமுங்க. பொறவு ஜென்மத்துக்கும் வராது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாகத் தினமும் ஒரு பெட்ரோல் பங்க் போனிலிருந்து அவளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். தின்றதா, படுத்ததா, கால் எப்படி இருக்கிறது என்று. கூட ஒரு வார்த்தை, குறைய ஒரு வார்த்தை கிடையாது. அந்தப் போனுக்காகத்தான் அவள் காலையில் எழுந்திருக்கிறாள் என்று வசந்தாமணி சொன்னார். வசந்தாமணி அந்த வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பதினாறாம் நாள் புதன்கிழமை வந்தது. யாருக்கும் லீவு கிடைக்காது என்று கருமாதியை முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்கே வைத்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை ஸ்வெட்டர் கூண்டு வாசலுக்கு வந்துவிட்டிருந்தது. நஞ்சப்பன் போனில் வான்மதியிடம் சொன்னார்: "நாளைக்கு உள்ள போட்டுருவேனுங்க. நாளைக்கு இல்லீன்னா மறுநா வந்துரும்."

அவள் சிரித்தாளாம். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு முதல் சிரிப்பு. அந்தச் சந்தோஷத்தில் போனை வைத்துவிட்டு, அடுப்படியில் இருந்த நாகமணி ஆன்டியிடம் போய், "ஆன்டி, மிளகு வந்துரும். அவரோட ஸ்வெட்டர் மேலதான் தினமும் படுத்துத் தூங்குதாம்" என்றாள்.

நாகமணி ஆன்டி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். இதை அவரே பிறகு எங்களிடம் சொன்னார், பெருமையாகவே சொன்னார். நாளைக்குக் காரியம். இறந்தவன் உடம்பில் போட்டிருந்த துணி இன்னும் நடுக்காட்டில் கிடக்கிறது. அதன்மேல் நாய் படுத்திருக்கிறது. சந்தானம் அங்கிளைக் கூப்பிட்டார். அங்கிள் வான்மதியை எதிரே உட்காரவைத்துக் கனிவாகவே பேசினார். "அம்மா, அவன் துணி அங்க கிடக்கற வரைக்கும் அவனும் அங்கதான் சுத்திட்டிருப்பான். அந்தக் குளிர்ல, அந்த மரத்தடியில. நாளைக்கு நம்ம பிண்டம் வெச்சா வாங்கிக்க வர வேண்டாமா? உனக்கு அவன் போய்ச் சேரணுமா, நாய் வரணுமா?"

பன்னிரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாத பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது? அவள் நாய் வரவேண்டும் என்று எப்படிச் சொல்லுவாள்? நஞ்சப்பன் வண்டியை நிறுத்தும் இடம், பாதை, கூண்டு இருக்கும் மரக்கூட்டம், எல்லாவற்றையும் சொன்னாள். நஞ்சப்பனிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்று தயங்கினாளாம். "அந்த ஆளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்" என்றாராம் நாகமணி ஆன்டி.

அங்கிள் இன்னும் இருவரைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை மாலை போனார். ஷூவைக் கழற்றிவிட்டுச் சாக்ஸோடு பனியில் நின்று சூடம் ஏற்றிக் கும்பிட்டார்களாம். பிறகு ஷூவை மாட்டிக்கொண்டு, ஸ்வெட்டரைப் புதுப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துவந்தார்கள். அமெரிக்காவில் துணியை எங்கே எரிப்பது? அங்கிள் வீட்டுக் கொல்லையில் கோடைக்காலத்தில் சிக்கன் சுடுகிற பார்பிக்யூ அடுப்பில் வைத்து எரித்தார்கள். முன்னதாக அதை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நஞ்சப்பனும் நானும் போனோம். வண்டியை நிறுத்தியதுமே அவர் தரையைப் பார்த்தார். ஆபீஸ் ஷூக்களின் தடம், மூன்று பேருடையது, உள்ளே போய்த் திரும்பியிருந்தது. அவர் அதன் ஓரமாக நடந்தார். கூண்டு அப்படியே இருந்தது. வாசலில் ஸ்வெட்டர் இல்லை. அந்த இடத்தில் பனியில் ஒரு கறுப்புப் பொட்டு, சூடம் எரிந்த கரி.

அதைச் சுற்றி மிளகின் காலடிகள். சுற்றிச் சுற்றி, மண் தெரியும் அளவுக்குச் சுற்றியிருந்தது. ஓரிடத்தில் படுத்துப் பார்த்து எழுந்திருந்தது. பிறகு அந்தக் காலடிகள் ஷூத் தடத்தின் மேல் ஏறின. ஒரு தடம்கூட விலகாமல், ஒவ்வொரு ஷூத் தடத்தின் மேலும் மிதித்து, ரோட்டுக்குப் போயிருந்தன. காலையில் நாங்கள் வண்டியை நிறுத்திய இடத்துக்கே.

ரோட்டில் பனி தள்ளும் வண்டி போயிருந்தது. அது ஓரத்தில் குவித்த பனியை நஞ்சப்பன் கையாலேயே தோண்டினார். மிளகை அடித்தது அந்த வண்டியா, அதற்கு முன்னால் போன வேறு வண்டியா என்று சொல்லமுடியவில்லை. விறைத்துப்போயிருந்தது. நான்கு காலும் நடக்கிற மாதிரியே இருந்தன. அவர் தன் கோட்டைக் கழற்றி அதைச் சுற்றி, வண்டியின் பின்பக்கம் கிடத்தினார்.

"இப்ப வேண்டாம். காரியம் முடியட்டும், சாயங்காலம் சொல்லலாம்" என்றேன்.

"காத்துட்டிருப்பாங்க" என்றார்.

நாங்கள் போனபோது பூஜை முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. வாசலில் ஷூக்கள் நிறைந்து கிடந்தன. நஞ்சப்பன் படியேறவில்லை. நான் உள்ளே எட்டிப் பார்ப்பதற்குள் வான்மதியே ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்துவிட்டு, பனியில் வெறும் சாக்ஸோடு ஓடிவந்தாள்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுதுங்க. செத்துப்போச்சுங்க."

அவள் வண்டியைப் பார்த்தாள். பின்கதவைத் தொடவில்லை. "எப்படி?" என்றாள்.

"ரோட்டுல வண்டி அடிச்சிருச்சுங்க."

"காட்டுக்குள்ளதானே இருந்துச்சு? ரோட்டுக்கு எதுக்கு வந்துச்சு?"

நான் நஞ்சப்பனின் முழங்கையைப் பிடித்தேன். 'தெரியலீங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்கு நாக்கில்லையா, மனசில்லையா? அவர் என் கையை விலக்கினார்.

"ஸ்வெட்டரத் தேடிட்டு வந்துச்சுங்க. எடுத்துட்டுப் போனவங்க காலடி மேலயே நடந்து வந்திருக்குது."

சந்தானம் அங்கிள் கையில் தர்ப்பையோடு வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர், கையில் தட்டோடு. வான்மதி யாரையும் பார்க்கவில்லை.

"நான் இடத்தைச் சொல்லாம இருந்திருந்தா?"

"இன்னைக்கு வந்திருக்குமுங்க."

எனக்கு அவரை அடிக்கலாம் போல் வந்தது. ஸ்வெட்டரை எடுத்துப் போனவர் மேல் வந்த கோபத்தைவிட அந்த நிமிஷம் இவர் மேல்தான் அதிகம் வந்தது. அநியாயம்தான், ஆனால் வந்தது. வான்மதிக்கும் அப்படித்தான் வந்திருக்கவேண்டும். சந்தானம் அங்கிள் இறங்கிவந்து, "எல்லாம் விதிம்மா, நீ உள்ள வா" என்று அவள் தோளைத் தொட்டார். அவள் அந்தக் கையைத் தள்ளவில்லை. அதில் சாய்ந்துகொண்டு நஞ்சப்பனைப் பார்த்தாள்.

"இறக்கி வெச்சுட்டுப் போயிருங்க" என்றாள். "இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதீங்க."

"சரிங்க" என்றார் நஞ்சப்பன்.

அவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மண்ணெல்லாம் இறுகிக் கிடந்தது, மண்வெட்டி இறங்காது. அவர் கராஜ் ஓரத்து மரத்தடியில் பனியைக் காலால் ஒதுக்கி, கோட்டோடு சேர்த்து மிளகை இறக்கிவைத்தார். காதின் மேலிருந்த பனியைத் தட்டிவிட்டார். பிறகு கோட்டில்லாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். உள்ளே யாரோ பாயசம் இன்னும் ஒரு சுற்று வரட்டும் என்று சொன்னது வெளியே வரை கேட்டது.